ஏழையின் விலங்குக்கும் மருந்து தந்த மரியா டிக்கின் அம்மையார்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வைட்சாப்பல் என்றொரு பேட்டை உண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள், சனிக்கிழமையன்று, அங்கே ஒரு கட்டடத்தின் நிலவறையில் சிறு மருந்தகம் ஒன்று திறக்கப்பட்டது. நிலவறையை இரவலாகத் தந்தவர் இரக்கமுள்ள பாதிரியார் ஒருவர். வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியது. நோயுற்ற விலங்குகளைத் துன்புற விடாமல் இங்கே கொண்டு வருக, எல்லா வகை விலங்குகளுக்கும் சிகிச்சை உண்டு, கட்டணம் எதுவும் கிடையாது என்பது அதன் கருத்து. திறந்த சில நாள்களிலேயே தெருவில் கூட்டம் நெருங்கி, ஒழுங்குபடுத்தக் காவலர் வர வேண்டியதாயிற்று. நிலவறை போதாமல் வேறு பெரிய இடம் தேட நேர்ந்தது. அம்மருந்தகத்தை நிறுவியவரே மரியா எலிசபெத் டிக்கின் அம்மையார். உற்றார் அவரை மியா என்று அழைப்பர்.

மியா 1870ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனின் ஹாக்னிப் பகுதியில் பிறந்தார். தந்தையார் வெஸ்லியன் கிறித்தவச் சபையைச் சேர்ந்த போதகர். எட்டுக் குழந்தைகளில் மியாவே மூத்தவர். போதகரின் வருவாய் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீட்டில் பொருள் நெருக்கடி இருந்தது. மூத்த மகளாகப் பிறந்தவர் அதைக் கண்டும் காணாமல் இருக்க இயலாது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் வேலைக்குப் போவது குறைவெனக் கருதப்பட்ட அந்நாளில், மியா துணிந்து விம்போல் தெருவில் குரற்பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். அது நன்றாகவே நடந்தது. பின்னாளில் ஒரு பெரிய அறநிலையத்தை நிருவகிக்கும் திறம் அவருக்கு எங்கிருந்து வந்தது என வியப்பவர் இந்தப் பயிற்சிக் கூடத்தை மறந்துவிடக் கூடாது. வாடகை, வரவு, செலவு, வருவோரை இன்முகத்தோடு வரவேற்றல் ஆகிய அனைத்தையும் அவர் இங்கேதான் கற்றார்.

1899ஆம் ஆண்டில் தம் உறவினரும் கணக்காயருமான ஆர்னால்டு டிக்கினை மணந்தார். திருமணத்திற்குப் பிறகு பெண் தொழில் செய்வது அக்காலச் சமூகத்துக்கு உடன்பாடன்று, கூடம் மூடப்பட்டது. கணவரோடு வடக்கு இலண்டனில் ஹாம்ஸ்டெட் ஹீத் என்னும் வசதியான பகுதியில் குடியேறினார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. விருந்தோம்பல், வீட்டு நிருவாகம், வளர்ப்பு நாய், மாலையில் நண்பர் சந்திப்பு என வாழ்க்கை ஓடியது. ஆயினும் அது அவருக்குப் போதவில்லை. ஏழைகளின் நலம் நாடிக் கிழக்கு இலண்டனுக்குப் போய்வரத் தலைப்பட்டார்.

கிழக்கு இலண்டன் என்றால் அன்று கப்பல்துறைக் கூலியாள்கள், தையல் வேலை செய்வோர், கழுதை வண்டியில் காய்கறியும் மீனும் கூவி விற்போர் ஆகியோர் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஓர் அறையில் ஒரு குடும்பமே தங்கும். உடல்நலம் கெட்டால் மருத்துவரிடம் போவதற்கே பணம் தேட வேண்டும். 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் உழைக்கும் தொழிலாளிக்கு மட்டுமே மருத்துவ உதவி தந்தது. அவனுடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தரவில்லை. எழுபது வயது கடந்த ஏழை முதியவர்க்கு அரசு ஓய்வூதியம் 1909ஆம் ஆண்டு சனவரியில்தான் வந்தது. வாரத்துக்கு 5 ஷில்லிங் என்பதே அதன் தொடக்க அளவு. ஒரு நாய் வளர்க்க ஆண்டுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அதாவது ஒரு மூதாட்டி தம் துணையாகிய நாயைச் சட்டப்படி வைத்துக்கொள்ள ஒன்றரை வார ஓய்வூதியத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். உணவு, நிலக்கரி, வாடகை எல்லாம் போக, அந்த நாய்க்குக் கால் முறிந்தால் கால்நடை மருத்துவருக்கு என்ன கொடுப்பார்?

இந்த வினாவை மியா ஏட்டில் படித்து எழுப்பியவரல்லர். ஏழைகளின் வீடுகளுக்குள் சென்று பார்த்தார். சொறி முற்றித் தோல் உரிந்த நாய்களும், முறிந்த காலை இழுத்தபடி சாக்கடையோரம் இரை தேடும் பூனைகளும் தெருவில் திரிந்தன. வீட்டுக்குள் இருந்தவற்றின் நிலையும் அதுவே. பின்கட்டில் வளர்த்த ஆடு, முயல், வண்டியிழுக்கும் கழுதை என எதற்கும் மருந்தில்லை. அவர் முதலில் மனிதர்க்கு உதவவே அங்கே சென்றார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மனிதர்க்கு உதவப் போன இடத்தில், அம்மனிதரின் காலடியில் கிடந்த உயிரைப் பார்த்துவிட்டார். பார்த்தபின் மறக்க இயலவில்லை.

விலங்குகளுக்காக இங்கிலாந்தில் அதற்கு முன் எவரும் ஒன்றும் செய்யவில்லை என்று எண்ணிவிடலாகாது. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1824ஆம் ஆண்டிலேயே தோன்றி, கொடுமை செய்வோரை வழக்கு மன்றத்தில் நிறுத்தி வந்தது. தெருவில் அலையும் நாய்களுக்கென மேரி டீல்பி என்னும் அம்மையார் 1860ஆம் ஆண்டில் ஓர் இல்லம் அமைத்தார். பிற்காலத்தில் பாட்டர்சி நாய்கள் இல்லம் எனப் புகழ்பெற்றது அதுவே. இன்று நீலச்சிலுவை எனப்படும் அமைப்பின் முன்னோடியாகிய சங்கம் 1906ஆம் ஆண்டில் விக்டோரியாப் பகுதியில் விலங்கு மருத்துவமனை ஒன்றைத் திறந்து ஏழைகளின் விலங்குகளைக் கவனித்தது. ஆகவே இலவச மருத்துவம் என்பது மியாவின் தனிக் கண்டுபிடிப்பு அன்று. ஆனால் விக்டோரியா வேறு, வைட்சாப்பல் வேறு. நோயுற்ற நாயைக் கையில் ஏந்திக்கொண்டு நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு மூதாட்டி எப்படிப் போவார்? கழுதை நொண்டினால் அன்றைய பிழைப்பே நின்றது; அதைப் பல மைல் நடத்திச் செல்வது எங்ஙனம்?

இன்னொரு வேறுபாடும் உண்டு. எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது. ஏழையின் வீட்டில் ஒரு விலங்கு நோயால் வாடக் கண்டவர்கள், உடையவன் கொடியவன் எனத் தீர்ப்பளித்துவிடுவது அன்றைய வழக்கம். வளர்க்க வக்கில்லாதவன் ஏன் வளர்க்கிறான் என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். மியா அவ்வாறு கேட்கவில்லை. பல வேளைகளில் கொடுமையாகத் தோன்றுவது உண்மையில் கையில் காசில்லாமையும், என்ன செய்வதெனத் தெரியாமையுமே என அவர் கண்டுகொண்டார். விலங்கை அதன் வீட்டிலிருந்து பிரித்து எடுப்பதற்கு மாறாக, விலங்கைத் தேற்றி அதே கைகளில் திருப்பிக் கொடுப்பதே அவர் தேர்ந்த வழி. முதுமையில் தனித்திருப்பவருக்கும் நெடுநாள் நோயாளிக்கும் நாயோ பூனையோ வெறும் பொழுதுபோக்கு அன்று. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் அது. அத்தகையவர் பிழைப்பு முற்றும் இழந்து ஏழையர் விடுதிக்குப் போக நேர்ந்தால் அந்தத் துணையையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இடம் கேட்டு அலைந்தபோது பலரும் மியாவைத் திருப்பி அனுப்பினர். நாடே போரில் இருக்கிறது, ஆயிரக்கணக்கான இளைஞர் மடிகின்றனர், இவ்வேளையில் பூனைக்கு மருந்தா என்பது எளிதில் எழக்கூடிய எதிர்ப்பு. கேட்டவர்களைக் குறை சொல்லவும் இயலாது. எனினும் நிலவறை திறந்தபின் வந்த கூட்டமே மறுமொழி ஆயிற்று. குழந்தைகள் பூனையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தனர். வண்டிக்காரர்கள் கழுதைகளோடு வந்தனர். போர்முனைக்குப் போன பிள்ளைகள் விட்டுச்சென்ற நாயைப் பெற்றோர் பேணிய வீடுகளும் அன்றைய இலண்டனில் எத்தனையோ இருந்திருக்கும்.

அமைப்புக்கு அவர் இட்ட பெயரை முழுவதும் தமிழாக்கினால் ஏழைகளின் நோயுற்ற விலங்குகளுக்கான மக்கள் மருந்தகம் என்று வரும். பி.டி.எஸ்.ஏ. என்பது அதன் சுருக்கம். ஏழைகளின் என்ற சொல் அங்கே அணிக்காக வைத்ததன்று. கட்டணம் செலுத்த வல்லவர் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், இயலாதவர்க்கு மட்டுமே இந்த இடம் என்பது விதி.

ஆறே ஆண்டுகளுக்குள் அடுத்த படியும் எடுத்து வைத்தார். மருந்தகத்துக்கு வர இயலாதவரிடம் மருந்தகமே போக வேண்டுமெனக் கருதி, குதிரை பூட்டிய வண்டி ஒன்றைத் தாமே திட்டமிட்டு, மருந்தும் கருவியும் வைக்கத்தக்க வகையில் அமைத்தார். பின்னர் அது மோட்டார் வண்டிகளாகப் பெருகியது. ஊர் ஊராகச் சென்ற அவ்வண்டிகள் நாட்டு மக்களுக்குப் பழகிய காட்சியாயின. நடக்க இயலாத முதியவர்க்கும் நோயாளிக்கும் இந்த வண்டியே பெரும் உதவி. இலண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டு என்னுமிடத்தில் 1928ஆம் ஆண்டில் விலங்குகள் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையமும் அமைந்தது. மொராக்கோவின் டாஞ்சியர், எகிப்து, கிரீசு முதலிய நாடுகளிலும் கிளைகள் தோன்றின. 1929ஆம் ஆண்டில் அரசு அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கியது. சிறுவர்க்கென 1934ஆம் ஆண்டில் சுறுசுறுப்பான தேனீக்கள் எனப் பொருள்படும் பெயரில் ஒரு மன்றம் தொடங்கினார். வளர்ப்புப் பிராணியை எவ்வாறு பேணுவதெனப் பிள்ளைகள் அதில் கற்றனர்.

இனிச் சிறிது கசப்பான பகுதி. இத்தனை மருந்தகங்களில் சிகிச்சை அளித்தவர் யார்? அவர்களுட் பெரும்பாலோர் பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர் அல்லர். அனுபவத்தால் கற்றவர்களும், அமைப்பே பயிற்சி தந்து உருவாக்கிய பணியாளர்களுமே அவர்கள். கால்நடை மருத்துவர்களின் சங்கங்கள் இதை வன்மையாக எதிர்த்தன. எதிர்ப்பில் தன்னலம் கலந்திருந்தது என்று மட்டும் சொல்லி நகர்வது முறையாகாது. பல ஆண்டு படித்துத் தேர்வெழுதி உரிமம் பெற்றவன், அரைகுறைப் பயிற்சி உள்ளவன் கத்தியெடுப்பதைக் கண்டு அஞ்சுவது இயல்பே. ஏழையின் நாய் என்பதற்காக அதற்குத் தரம் குறைந்த மருத்துவம் போதும் என்று யார் சொல்ல முடியும்? இந்தக் கேள்விக்கு மியாவின் தரப்பில் ஒரே விடைதான் இருந்தது. பட்டம் பெற்றவர் வைட்சாப்பலுக்கு வரவில்லை; வந்தாலும் அங்குள்ளவர்களால் அவருக்குக் கட்டணம் தர இயலாது; இடையில் விலங்கு துடித்துக்கொண்டிருக்கிறது.

வழக்கு இருபுறமும் வலுவானது. முப்பதாண்டுக்கு மேல் அது நீடித்தது. முடிவில் 1948ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டம் தகுதியற்றோர் மருத்துவம் செய்வதைத் தடைசெய்தது. ஆயினும் கட்டணம் செலுத்த இயலாதவரின் விலங்குகளுக்கு அறநிலையங்களில் பணியாற்றி வந்தவர்க்கு உரிமத்தின் பேரில் தொடர வழிவிட்டது. இன்று அவ்வமைப்பின் மருத்துவமனைகளில் பட்டம் பெற்ற மருத்துவர்களே பணிபுரிகின்றனர். மருத்துவர் தரப்பு கேட்டது நிறைவேறியது. ஏழைக்குக் கட்டணமில்லை என்ற மியாவின் கொள்கையும் நிலைத்தது. தொடக்கத்திலேயே இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் நல்ல மருத்துவம் பெற்றிருக்கும் என எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்து மீண்டும் போரில் இறங்கியது. குண்டு வீச்சு உறுதி என எல்லாரும் எதிர்பார்த்தனர். வளர்ப்புப் பிராணிகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்புமாறும், பொறுப்பேற்க எவரும் கிடைக்காவிடில் கொன்றுவிடுவதே நலம் என்றும் விலங்குகளுக்கான அரசுக் குழு ஒன்று மக்களுக்கு அறிவுரை வெளியிட்டிருந்தது. பொதுப் பதுங்கிடங்களில் விலங்குகளுக்கு இடமில்லை. உணவுப் பங்கீடு வரும், அதில் நாய்க்கும் பூனைக்கும் பங்கு இராது என்ற அச்சம் வேறு. போர் தொடங்கிய முதல் வாரத்தில் இலண்டனில் மட்டும் ஏறத்தாழ நான்கு இலட்சம் நாய்களும் பூனைகளும் உடையவர்களாலேயே கொண்டுவந்து ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டன என வரலாற்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். அப்போது ஒரு குண்டுகூட நகரின்மேல் விழுந்திருக்கவில்லை.

மருந்தகங்களின் வாசலில் வரிசை நின்றது. உயிர் காக்கத் திறந்த கதவு அது. அதே கதவின் வழியே அன்று உயிர்கள் சாவுக்கு வந்தன. மியாவின் பணியாளர்களும் அப்பணியைச் செய்ய நேர்ந்தது. அந்நாள்களின் துயரைத் தம்மவர் ஒருபோதும் மறக்க மாட்டார்கள் என்று அவர் பின்னர்ப் பதிவு செய்துள்ளார். தீராத நோயில் துடிக்கும் விலங்கை வலியின்றி முடித்துவிடுவது கருணையே என்பது மேலை நாட்டு மருத்துவத்தின் பொதுக் கொள்கை. அவருடைய அமைப்பும் அதைப் பின்பற்றியது. அகிம்சையைத் தாய்ப்பாலோடு கேட்டு வளரும் நமக்கு இது உடன்பாடாகாது. அதை மறைத்து அவரைப் புகழ்வது முறையாகாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். நோய் எதுவும் இல்லாத உயிர்களை அச்சத்தினால் கொன்ற அந்த வாரத்தையோ, அந்நாட்டிலேயே பிற்காலத்தில் பலர் நாணத்தோடு நினைவுகூர்ந்தனர்.

மறுத்தவர்களும் இருந்தனர். வளர்த்ததைப் பிரிய மனமின்றிப் பதுங்கிடத்துக்குப் போகாமல் வீட்டு மாடிப்படியின் கீழும் மேசைக்கடியிலும் நாயையோ பூனையையோ அணைத்தபடி இரவைக் கழித்தவர்கள் அவர்கள். குண்டு விழுந்து வீடு இடிந்தபோது உடையவரும் விலங்கும் ஒரே இடிபாட்டில் அகப்பட்டனர். அந்நேரத்தில் மியாவின் அமைப்பு மீட்புக் குழுக்களை அமைத்தது. போர்க்காலத்தில் இடிபாடுகளில் சிக்கியும் காயமுற்றும் கிடந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பிராணிகளுக்கு அக்குழுக்கள் உதவின.

அக்குழுக்களில் ஒன்றை நடத்தியவர் பில் பார்னெட் என்பவர். அவரிடம் பியூட்டி என்ற சிறு டெரியர் வகை நாய் இருந்தது. 1940ஆம் ஆண்டில் ஒரு நாள் துணையாக உடன் சென்ற அது, எவரும் கற்பிக்காமலே இடிபாட்டைப் பறித்துத் தோண்டலாயிற்று. தோண்டிய இடத்தில் மேசைக்கடியில் உயிரோடு ஒரு பூனை இருந்தது. அன்று முதல் போர் முடிவதற்குள் பியூட்டி கண்டறிந்த விலங்குகள் 63. நாய் காத்தது பூனையை என்பதைச் சிறுவர்க்குச் சொல்லிப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது. பாப்ளர் பகுதியில் குண்டுவீச்சில் வீடிழந்து அலைந்த ரிப் என்னும் தெரு நாய்க்குக் காவற்பணியாளர் ஒருவர் உணவிட்டார். அது அவரைவிட்டு நீங்காமல், இடிபாடுகளில் புதையுண்ட நூற்றுக்கு மேற்பட்ட மனிதரைக் கண்டுபிடிக்க உதவியது.

இத்தகைய விலங்குகளைச் சிறப்பிக்க மியா 1943ஆம் ஆண்டில் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார். வெண்கலத்தால் ஆனது, பச்சை, பழுப்பு, வெளிர்நீலம் ஆகிய மூவண்ண நாடா கொண்டது. அவ்வண்ணங்கள் நீரையும் நிலத்தையும் வானையும் குறிப்பன. அவ்வாண்டு திசம்பரில் முதன்முதலாக அதைப் பெற்றவை மூன்று புறாக்கள். அவற்றுள் விங்கி என்ற புறா, வடகடலில் வீழ்ந்த விமானத்திலிருந்து எண்ணெய் படிந்த சிறகோடு 120 மைல் பறந்து வீடு சேர்ந்து, நான்கு வீரர்களின் மீட்புக்குக் காரணமாயிற்று. 1949ஆம் ஆண்டுவரை இப்பதக்கம் பெற்றவை 54: புறாக்கள் 32, நாய்கள் 18, குதிரைகள் 3, பூனை 1. அந்த ஒரே பூனை அமெதிஸ்ட் என்னும் போர்க்கப்பலில் இருந்த சைமன். டிக்கின் பதக்கம் என்ற பெயராலேயே இன்று உலகம் அம்மையாரை மிகுதியும் அறிகிறது. எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. எந்தப் புறாவும் போரை விரும்பிக் கேட்டதில்லை. மனிதன் மூட்டிய தீயில் அவற்றை இழுத்துவிட்டுப் பின் பதக்கம் அணிவிப்பதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. அவருடைய உண்மையான நினைவுச்சின்னம் வைட்சாப்பல் நிலவறையே என்பது என் எண்ணம்.

1948ஆம் ஆண்டில் அவர் சி.பி.ஈ. விருது பெற்றார். அதே ஆண்டு சூலையில்தான் இங்கிலாந்தில் மக்கள் அனைவர்க்கும் இலவச மருத்துவம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்நாட்டு ஏழை தன் உடலுக்கு அத்தகைய உரிமையைப் பெறுவதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே அவன் வீட்டு நாய்க்கு மியா அதைத் தந்துவிட்டிருந்தார். 1950ஆம் ஆண்டில் தம் பணியைப் பற்றி விலங்குகளின் கூக்குரல் எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு, 1951 மார்ச்சு முதல் நாள், சளிச்சுரத்தோடு கூடிய நுரையீரல் அழற்சியால் இலண்டனில் காலமானார். அகவை எண்பது. அவருக்குப் பின் சிறுவர் மன்றத்தின் தலைமையை 1952ஆம் ஆண்டில் ஏற்றவர், நம் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பிப் படிக்கும் கதைகளை எழுதிய எனிட் பிளைட்டன்.

பியூட்டி, ரிப், சைமன் ஆகியவை இல்ஃபோர்டில் அமைப்புக்குரிய விலங்கு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. அமைப்பு இன்று பிரித்தானிய நாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை நடத்துகிறது. வருவாய் குறைந்து அரசின் உதவித்தொகை பெறுவோரின் பிராணிகளுக்கு அங்கே கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் கிடைக்கிறது.

மருந்து மட்டும் போதாது என்பது பிற்காலத்தார் கண்டது. முதியவர்க்கு இடுப்பெலும்பு முறிந்தால் நாயை யார் உலாவ அழைத்துச் செல்வது? அவர் மருத்துவமனையில் பத்து நாள் படுத்தால் பூனைக்கு யார் பால் வைப்பது? இவ்வினாக்களுக்கென 1985ஆம் ஆண்டில் கார்ன்வால் மாவட்டத்தில் சினமன் டிரஸ்ட் என்ற அறநிலையம் தோன்றியது. சினமன் என்பது நிறுவியவரின் நாயின் பெயர். முதியவர்களும் மரணத்தை எதிர்நோக்கியுள்ள நோயாளிகளும் தம் பிராணியைக் கடைசிவரை பிரியாதிருக்க உதவுவதே அதன் பணி. தொண்டர்கள் வீடு தேடி வந்து நாயை உலாவ அழைத்துச் செல்கின்றனர், மருத்துவரிடம் கொண்டுபோகின்றனர், உடையவர் மருத்துவமனையில் உள்ள நாள்களில் தம் வீட்டில் வைத்துப் பேணுகின்றனர். உடையவர் இறந்தால் விலங்கின் எஞ்சிய வாழ்நாளுக்கும் பொறுப்பேற்கின்றனர். தமக்குப் பின் அதன் கதி என்ன என்ற கவலையோடு கண்மூட வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

மியா பிறந்த வீடு இன்றும் உள்ளது. ஹாக்னியில் காஸ்லண்டு சாலை, 41ஆம் எண். அவ்வீட்டுச் சுவரில் 2015ஆம் ஆண்டில் வட்டமான நீல நிற நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது.